மாப்பிள்ளை வேடத்தில் வந்தவன் பணத்தோடு போய்விட்டால்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், தெருவில் யாருக்குப் பணம் பறிபோனாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். கதை பெரும்பாலும் ஒன்றுதான். திருமணத் தகவல் தளத்தில் அறிமுகமான ‘லண்டன் டாக்டர்’ பரிசுப் பெட்டி அனுப்பியிருப்பான்; டெல்லி விமான நிலையச் சுங்கத்துறை என்று ஒருத்தி பேசி, வரி கட்டச் சொல்லியிருப்பாள். சுங்கத்துறை எந்தக் காலத்தில் தனிநபர் கணக்கில் வரி வாங்கியது?

“படித்தவள் எப்படி ஏமாந்தாய்?” என்று கேட்கும் உறவினர்களை முதலில் வாசலுக்கு அனுப்புங்கள். அடுத்து, சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். நாம் அனுப்பும் பணம் வாடகைக்குப் பிடித்த யாரோ ஒருவரின் கணக்கில் விழுகிறது. அங்கிருந்து நாலைந்து கணக்குகள் தாவி ஏ.டி.எம். வழியாக வெளியேறிவிடும். அதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால் மிச்சமிருப்பதை வங்கி முடக்கிவைக்கும். பரிவர்த்தனை எண் (யுபிஐ என்றால் 12 இலக்கம்), தேதி, தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். லைன் கிடைக்கவில்லையா? தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டு உங்கள் வங்கிக்கும் எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

அவனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவமானத்தில் எதையும் அழித்துவிடவும் வேண்டாம்; மகன் பார்த்துவிடுவானே என்று அழிப்பவர்கள்தான் அதிகம். டெலிகிராமில் அவன் நினைத்தால் உங்கள் கைப்பேசியில் இருக்கும் உரையாடலையும் சேர்த்தே அழிக்க முடியும். அதனால் எண், புகைப்படம், பேச்சு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே அவனைத் தடை செய்யுங்கள். அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுநாளும் கேட்பான். அந்த மிரட்டலையும் புகாரில் எழுதுங்கள்.

வங்கி ஈடு தரும் என்று நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த ஈட்டு விதி நம் அனுமதியில்லாமல் போன பணத்துக்கானது. நாமே அனுப்பியதற்கு அதில் இடம் தேடுவது கடினம். முடக்கப்பட்ட தொகையை மீட்க, வழக்கமாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவின் கீழ் மனுப் போட வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். முழுத்தொகையும் திரும்பக் கிடைப்பது அபூர்வம்.

இந்தக் காத்திருப்பில்தான் இரண்டாவது திருடன் வருவான். “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்பான்; வக்கீல் என்பான், சைபர் அதிகாரி என்பான். நீங்கள் இழந்த தொகையைக்கூடச் சரியாகச் சொல்வான், பழைய கும்பலே அதை விற்றிருக்கும். 1930-இல் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. இவன் எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.