தைக்க உட்காரும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

நான் முதன்முதலில் தைத்த குஷன் உறை அன்றைக்குக் கச்சிதமாகத்தான் இருந்தது. ஒருமுறை துவைத்ததும் குஷன் உள்ளே நுழையவே இல்லை. தையலில் ஒரு குறையும் கிடையாது. துணியைத் துவைக்காமல் வெட்டியதுதான் தவறு.

பருத்தித் துணி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். 40 செ.மீ. உறையில் 5 சதவீதம் என்றால் 2 செ.மீ. போய்விடும். பிற்பாடு எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு கத்தரிக்கோலை எடுங்கள். ஓரத்தில் வைக்கும் பருத்தி லேஸையும் நனைத்துக் காயவையுங்கள். இல்லையென்றால் அது மட்டும் சுருங்கி ஓரம் முழுக்கச் சுருக்கம் விழும். அடர் சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளிர் நிறத்தோடு சேர்க்க வேண்டும்.

அடுத்தது இழை. துணியின் கரைக்கு இணையாகப் போகும் இழையைப் பார்க்காமல் கோணலாக வெட்டினால், திரைச்சீலை கொஞ்ச நாளில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும். சாதாரண நெசவுத் துணியில் குறுக்கு இழை ஒன்றை மெதுவாக உருவினால் நேர்கோடு தெரியும். அதன்மேல் வெட்டினால் போதும். திரைச்சீலையின் அகலம் கம்பியின் நீளத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால்தான் மடிப்புகள் அழகாக விழும். கீழ்மடிப்பை ஓரிரு நாள் தொங்கவிட்ட பிறகே தையுங்கள். துணி தன் எடையில் கொஞ்சம் இறங்கும்.

அலங்கார வேலையில்தான் மனம் நோகும் இழப்புகள் அதிகம், ஏனென்றால் அதற்குள் பல மணி நேர உழைப்பு போயிருக்கும். நான்கு பக்கமும் தைத்து மூடிய உறையில் எம்பிராய்டரி போட ஆரம்பிப்பார்கள். துணியை இழுத்துப் பிடிக்கும் வட்டச் சட்டத்தை ஒழுங்காக மாட்ட முடியாது, பின்பக்கத் துணியும் சேர்ந்து தைபடும். தேவையைவிடப் பெரிய துண்டில் எம்பிராய்டரியை முடித்து, அப்புறம் அளவுக்கு வெட்டுவதே சரி. நூல் துணியைச் சற்று உள்ளே இழுக்கும் என்பதால் முன்கூட்டியே வெட்டிய அளவு குறைந்துவிடும். மெல்லிய துணி என்றால் பின்னால் ஒரு தாங்குதுணி வையுங்கள். அன்றைய வேலை முடிந்ததும் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள், வட்டத் தடம் பதியாது.

தண்ணீரில் அழியும் பேனாவால் வரைந்த கோட்டின்மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் கறை நிலைத்துவிடக்கூடும். முதலில் அலசுங்கள். பிறகு பூவேலை கீழ்ப்பக்கம் வரும்படி துவாலையின்மேல் கவிழ்த்து, பின்பக்கத்தில் இஸ்திரி போட்டால் தையல் நசுங்காது. மணி, கண்ணாடி எல்லாம் தலை சாயும் நடுப்பகுதியில் வேண்டாம். பசை போட்டு மட்டும் ஒட்டியவை சலவையில் உதிர்ந்துவிடலாம், நூலால் ஒரு பிடி தையுங்கள். சின்னக் குழந்தைகள் எடுக்கும் பொருளில் பட்டனும் மணியும் வைக்கவே கூடாது, விழுங்கிவிடும் ஆபத்து உண்டு.

குஷனின் மூலை காதுபோல நீட்டிக்கொண்டிருந்தால், அடுத்த முறை மூலையை நெருங்கும்போது தையலை 1 செ.மீ. அளவுக்கு உட்பக்கம் சாய்த்துக் கொண்டுபோங்கள். திருப்பும் முன் மூலையில் மிஞ்சும் துணியைக் குறுக்காக வெட்டுங்கள், ஆனால் தையலைத் தொட்டுவிடாதீர்கள்.

ஊசியைப் பலரும் உடையும்வரை மாற்றுவதில்லை. சுமார் 8 மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று வைத்துக்கொள்ளலாம். ஊசியின் தடிமனைக் குறிக்கும் எண், நடுத்தரப் பருத்திக்கு 80 அல்லது 90, தடித்த ஜீன்ஸ் துணிக்கு 100. துணியைக் குத்தும்போது டப் டப் என்று சத்தம் வந்தால் ஊசி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். வெட்டியதில் மிஞ்சும் துண்டு ஒன்றை மெஷின் பக்கத்திலேயே வைத்திருங்கள். புது ஊசி மாட்டியதும் நூலின் இறுக்கத்தை அதில் தைத்துப் பார்க்கலாம்.