முதல் செவித்திறன் பரிசோதனைக்குச் செல்லும் முன்

"காது சரியாகக் கேட்கவில்லை" என்று மட்டும் சொன்னால் செவித்திறன் வல்லுநருக்கு அதிலிருந்து அதிகம் விளங்காது. ஆகவே, தொலைபேசியில் எந்தக் காதுக்குக் குரல் தெளிவாக இருக்கிறது, பலர் கூடிப் பேசும்போது யாருடைய பேச்சு பிடிபடவில்லை, காதில் இரைச்சலோ தலைசுற்றலோ உண்டா என்பவற்றைச் சில நாள் முன்பிருந்தே குறித்து வையுங்கள். பேச்சு கேட்கிறது, ஆனால் சொற்கள் விளங்கவில்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். உயர் அதிர்வெண் ஒலிகள், அதாவது கீச்சென்ற ஒலிகள், கேட்பது குறையும்போது இவ்வாறு நேர்வதுண்டு.

உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் மிகவும் முக்கியம். ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து போன்றவை செவியைப் பாதிக்கக்கூடியவை என்பதால், முன்பு எடுத்துக்கொண்டவற்றையும் எழுதுங்கள். காதுக் குறும்பியைப் பஞ்சுக் குச்சியால் நோண்டாதீர்கள்; அது இன்னும் உள்ளே தள்ளப்படும். முந்தைய நாள் பேரொலிகளைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அவை கேட்கும் திறனைத் தற்காலிகமாக மந்தமாக்கும்.

பரிசோதனையில் பொதுவாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் (அதிர்வெண்ணின் அலகு) வரையிலான ஒலிகள் ஹெட்ஃபோன் வழியே ஒலிக்கும். மிக மெல்லியதாகக் கேட்டாலும் பொத்தானை அழுத்துங்கள். நெருங்கிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நாம் கவனிக்காத மாற்றங்களை அவர்கள் கவனித்திருப்பார்கள். முடிவு வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஓரிரு நாளில் திடீரெனச் செவித்திறன் குறைந்திருந்தால் மட்டும் முன்பதிவு நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுங்கள்.