கமடோர் 64: ஒரு நிரலின் வாலில் இன்னொன்றை ஒட்டும்போது

1982-இல் வந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் பேசிக் நிரல்மொழியில் இரண்டு நிரல்களை ஒன்றாக்கத் தனிக் கட்டளை கிடையாது. நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடு கட்டளையைக் கொடுத்தால் புதியது வந்து பழையது இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். வட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க லோடு "$",8 (8 என்பது வட்டு டிரைவின் எண்) அடித்தாலும் இதே கணக்குதான். கோப்புப் பட்டியலும் ஒரு பேசிக் நிரலாகத்தான் வந்து இறங்குகிறது. மாலை முழுக்க அடித்ததைச் சேமிக்காமல் பட்டியல் பார்த்துத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். இன்றைய கணினியில் பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் எமுலேட்டரில் ஓட்டினாலும் இதே கதி.

ஒட்டுவதற்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. பேசிக் நிரல் வழக்கமாக நினைவகத்தின் 2049-ஆம் முகவரியில் தொடங்கும். அந்தத் தொடக்கத்தை இயந்திரம் 43, 44 என்ற இரண்டு இடங்களில் குறித்து வைத்திருக்கும்: 43-இல் 1, 44-இல் 8, அதாவது 8×256+1. நிரல் முடிந்ததற்கு அடுத்த இடம் 45, 46-இல் இருக்கும்; அதைத்தான் முடிவு முகவரி என்கிறேன். நிரலின் கடைசியில் மூன்று சுழியங்கள்: ஒன்று கடைசி வரியை முடிக்கிறது, மற்ற இரண்டும் ‘இதோடு சரி’ என்று, நிரலைத் திரையில் காட்டும் லிஸ்ட் கட்டளைக்குச் சொல்கின்றன. அந்த இரண்டின் மேல் அடுத்த நிரலை இறக்கிவிட்டால் எல்லாம் ஒரே சங்கிலி. ஆக, முடிவு முகவரியில் 2 குறைத்து 43, 44-இல் வைக்க வேண்டும்; இரண்டாவதை லோடு செய்ய வேண்டும்; அப்புறம் 43-இல் 1, 44-இல் 8 என்று பழையபடி மாற்ற வேண்டும்.

கழித்தலில்தான் பலர் வழுக்குகிறார்கள். (போக் ஒரு முகவரியில் எண்ணை வைக்கும், பீக் அங்கே இருப்பதைப் படிக்கும்.) போக் 43, பீக்(45)-2 : போக் 44, பீக்(46) என்று மனப்பாடமாக அடிப்பார்கள். 45-இல் 1, 46-இல் 12 இருந்தால்? 1-2 என்பது -1. இல்லீகல் குவான்டிட்டி (செல்லாத எண்) என்று திட்டு விழும். சரியான கணக்கு இது: முடிவு 12×256+1 = 3073, இரண்டு போனால் 3071, அது 11×256+255. எனவே 43-இல் 255, 44-இல் 11. பள்ளிக்கூடத்தில் கடன் வாங்கிக் கழித்ததேதான், இங்கே பத்துக்குப் பதில் 256 கடன். 255 போட்டுவிட்டு 44-ஐ 12-ஆகவே விடுவது இன்னும் மோசம். பிழைச் செய்தியே வராது. நடுவில் 256 பைட் இடைவெளி விழும், லிஸ்ட் முதல் நிரலோடு நின்றுவிடும்.

இரண்டாவதை இறக்கும்போது பழக்க தோஷத்தில் ",8,1" அடிக்காதீர்கள். அந்த 1 இருந்தால் இயந்திரம் 43, 44-ஐப் பார்க்காது; கோப்பின் முதல் இரண்டு பைட்டில் எழுதியிருக்கும் முகவரியில்தான் இறக்கும். அது பெரும்பாலும் 2049. முதல் நிரல் காலி.

வரி எண்களையும் முன்கூட்டியே பாருங்கள். இது ஒட்டுவது மட்டும்தான், வரிகளை வரிசைப்படுத்தாது. முதல் நிரல் 500-இல் முடிந்து இரண்டாவது 100-இல் தொடங்கினால் லிஸ்டில் இரண்டும் அழகாகத் தெரியும். ஆனால் வேறு வரிக்குத் தாவச் சொல்லும் கோட்டூ அந்த வரியைத் தேடும்போது, தேடும் எண்ணைவிடப் பெரிய எண் எதிர்ப்பட்டதுமே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியும் வரியையே இல்லை என்று சாதிக்கும். துணை நிரல்களை 50000-க்கு மேல் எண்ணிட்டு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், 43, 44-ஐ மாற்றி வைக்காமலே சேவ் செய்தால் வட்டில் போய்ச் சேர்வது இரண்டாவது நிரல் மட்டும்.

ஓடும் நிரலுக்குள்ளிருந்தே அடுத்ததை லோடு செய்வது வேறு சங்கதி. அப்போது மாறிகள் (ஏ=5 என்பதில் ஏ போல மதிப்பு ஏந்தும் பெயர்கள்) அழியாது. 45, 46-உம் நகராது. வருவது பெரிய நிரல் என்றால் மாறிகள் இருந்த இடத்தின் மேலேயே ஏறிவிடும். பெரிய நிரலைத் தனியாக லோடு செய்து 45, 46-இல் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, முதல் நிரலின் முதல் வரியிலேயே அந்த எண்களைப் போக் செய்து, மாறிகளைத் துடைக்கும் சிஎல்ஆர் கொடுத்துவிடுவது நல்லது. மேற்கோள் குறிக்குள் நேராக எழுதிய சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) நிரலின் வரிக்குள்ளேயேதான் கிடக்கின்றன. நிரல் மாறினால் அவை குப்பையாகிவிடும். ஏ$=ஏ$+"" என்று வெற்றுச் சரம் ஒன்றைச் சேர்த்தால் வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளும்.

இயந்திர மொழி நிரலை 49152-இல் இறக்க ",8,1" வேண்டும். நேரடியாக அடித்து இறக்கினால் 45, 46-உம் அங்கே தாவிவிடும்; ஏ=5 என்றாலே அவுட் ஆஃப் மெமரி (நினைவகம் போதவில்லை) என்கும். பேசிக் நிரலைத் துடைக்கும் நியூ அடித்தால் சரியாகும், 49152-இல் இருப்பது அழியாது. நிரலுக்குள்ளிருந்து இறக்கினால் லோடு முடிந்ததும் நிரல் முதல் வரிக்கே திரும்பும், மறுபடி லோடு, மறுபடி முதல் வரி. டிரைவின் விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். 10 இஃப் ஏ=0 தென் ஏ=1 : லோடு "பெயர்",8,1 என்று தொடங்குங்கள்; இரண்டாம் முறை ஏ-இன் மதிப்பு 1, கடந்து போய்விடும்.