கடன் கணக்கில் வராத வாசகர்கள்

டெல்லியில் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ் அலமாரியைக் கவனிப்பவர்கள் எந்தப் புத்தகம் எவ்வளவு படிக்கப்படுகிறது என்று அறிய, வாசகர்கள் வெளியே எடுத்துப்போகும் கடன் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. அகராதிகள் வெளியே போவதே இல்லை. உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. ‘படித்த புத்தகத்தை மேசையிலேயே வையுங்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். மாலையில் அவற்றின் பார்கோடை ஸ்கேன் செய்து அடுக்குங்கள். கோஹா என்ற நூலக மென்பொருளில், புத்தகத்தைத் திரும்பப் பெறுவதாக ஸ்கேன் செய்யும்போது உள்பயன்பாட்டை, அதாவது நூலகத்துக்குள்ளேயே படித்ததை, பதியும் அமைப்பை முதலில் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் உழைப்பு வீண்.

இப்படி எண்ணுவதற்குப் பருவத்துக்கு இரண்டு வாரம் போதும்: ஒன்று வகுப்பு நாட்களில், ஒன்று தேர்வுக்கு முன். ஆண்டு முழுக்க எண்ணப் புறப்பட்டால் ஆட்கள் சலித்துப்போய்க் குத்துமதிப்பாக எழுதுவார்கள்.

தேடிக் கிடைக்காத தலைப்புகளையும் குறியுங்கள். நூலகத்தின் தேடல் பட்டியலில் ரோமன் எழுத்தில் மட்டும் பதிவான தமிழ் நூல், தமிழில் தட்டுபவருக்கு இல்லை என்றே காட்டும். அதை ‘யாரும் கேட்பதில்லை’ என்று கணக்கெழுதிவிட்டால் அடுத்த ஆண்டு வாங்கும் பட்டியலில் தமிழ் இருக்காது.