பழைய எம்.ஜி.பி. காரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் வீட்டு ஷெட்டிலேயே வைத்துப் பழுது பார்க்க எம்.ஜி.பி. அளவுக்கு வசதியானது குறைவு. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். உதிரி பாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. 1988 முதல் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1798 சிசி என்ஜின்கூட நமக்கு அந்நியமல்ல. அம்பாசடரில் பல காலம் வந்த 1489 சிசி என்ஜினும் இதுவும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். அம்பாசடரில் டேப்பெட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் செய்தவர் இதன் வால்வு கவரைத் திறந்தால் திகைக்க மாட்டார்.

அந்த எளிமையே வம்பாகவும் முடிகிறது. கழற்றுவது சுலபம் என்பதால் காரணம் தெரியும் முன்பே கழற்றிவிடுகிறார்கள். அதைவிட மோசம், கார் சரியாக ஓடவில்லை என்றால் எது கெட்டது என்று பார்க்காமல், இருந்ததைவிட ‘நல்லதாக’ ஒன்றை வாங்கி மாட்டுவது. எம்.ஜி.பி.க்குச் செய்யப்படும் மாற்றங்கள் பலவும், செய்யாமல் விட்ட பழுதை மூடி மறைப்பவை. கீழே வருகிற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதல் குற்றவாளி கார்புரேட்டர் அல்ல

என்ஜின் தடுமாறினாலோ ஐடிலில் நிற்காவிட்டாலோ கை நேராக எஸ்.யூ. கம்பெனியின் இரட்டைக் கார்புரேட்டருக்குத்தான் போகும். பானெட்டைத் திறந்ததும் பளிச்சென்று தெரிவது அதுதான், திருகுவதற்கு வாகாக நட்டும் இருக்கிறது. ஆனால் கார்புரேட்டர் கோளாறு என்று நினைப்பதில் பெரும்பகுதி, பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கிடக்கும். கன்டென்சர் போனால் என்ஜின் வெடித்து வெடித்து இருமும், ஆள் கார்புரேட்டரின் கலவை நட்டைத் திருகிக்கொண்டிருப்பார். பொறி விழும் நேரத்தை முந்தவைக்கும் வேக்குவம் அட்வான்ஸ் டயாபிரம் கிழிந்திருந்தால் இழுவை குறையும், அதற்கும் பழி கார்புரேட்டருக்கே.

வரிசை முக்கியம். முதலில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது டேப்பெட் இடைவெளி. பெரும்பாலான மாடல்களுக்கு 0.015 அங்குலம். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி, அதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். பிறகு டைமிங், அதாவது பொறி விழும் நேரம். இந்த மூன்றும் சரியான பின்புதான் கார்புரேட்டர். மாற்றிச் செய்தால் ஒன்றை வைத்து இன்னொன்றின் பிழையை ஈடுகட்டுவீர்கள், ஒரு வாரத்தில் மறுபடி அதே தடுமாற்றம்.

கார்புரேட்டருக்கு வந்துவிட்டால் எஸ்.யூ. மாதிரி நேர்மையான சாதனம் வேறில்லை. என்ஜின் சூடாகி, ஐடிலில் ஓடும்போது ஒரு கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு பின்னை மேலே தள்ளி, உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். என்ஜின் உடனே அணையப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை. லேசாகக் கூடி, உடனே பழைய நிலைக்கு இறங்கினால் அளவு சரி. மீட்டரெல்லாம் வேண்டாம், காது போதும். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்பதற்கும் ஒரு துண்டு ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் காட்டினால், சீறல் ஒரே சுருதியில் கேட்க வேண்டும்.

இரண்டு இடத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, மேலே மூடியோடு வரும் டேம்பருக்கு எண்ணெய் ஊற்ற மறப்பது. எண்ணெய் இல்லாவிட்டால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் பிஸ்டன் ஒரே தாவாகத் தாவும், காற்று மட்டும் உள்ளே போய் என்ஜின் ஒரு கணம் திணறும். சாதாரண என்ஜின் ஆயில் கொஞ்சம் விட்டால் தீர்ந்தது. இன்னொன்று, திராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து ஆடுவது. பக்கவாட்டில் காற்று புகும் கார்புரேட்டரை யார் ட்யூன் செய்தாலும் நிற்காது. ஸ்பிண்டிலைப் பிடித்து அசைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் பல ஆயிரம் ரூபாய்க்கு நிகரான பவுண்டைக் கொட்டி வெபர் கம்பெனிக் கார்புரேட்டர் வாங்கி மாட்டியவர்கள் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் இரட்டை எஸ்.யூ. தெரு ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும் என்பதே என் கட்சி.

மின்சாரம்: பிளஸ் எங்கே, மைனஸ் எங்கே

இந்தக் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியை ‘இருளின் இளவரசன்’ என்று கிண்டல் செய்வது பிரிட்டனில் பழைய ஜோக். அதில் பாதி அநியாயம். ஐம்பது வருஷத்து வயரில், துருப்பிடித்த எர்த் முனையில், விளக்கு மங்கலாக எரிந்தால் அது வடிவமைத்தவன் குற்றமா? பாடியில் எர்த் பிடிக்கும் இடங்களைக் கழற்றி, பளபளவென்று தேய்த்து மறுபடி முடுக்குங்கள். ‘ஒயரிங் முழுக்க மாற்றணும்’ என்ற பேச்சு பல கார்களில் அதோடு அடங்கிவிடும்.

உண்மையான ஆபத்து வேறு. 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதன் பிறகு வந்தவற்றில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, எர்த்தும் மைனஸுக்கு மாறியது. ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். பழைய கார்கள் பலவற்றை இடையில் யாரோ மாற்றியிருப்பார்கள். பேட்டரிக் கம்பி எது பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். தலைகீழாகக் கொடுத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு அந்த நொடியே போய்விடும். ‘மைனஸை முதலில் கழற்று’ என்ற பழக்கமும் இங்கே தப்பு. எர்த் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டதும் பொறி பறக்கும். 1974 வரை வந்த கார்களில் சீட்டுக்குப் பின்னால், தரையடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. குனிந்து, கை நுழையாத பள்ளத்தில் வேலை செய்யும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

பியூஸ் சமாச்சாரம் தெரியாமல் காரையே எரித்துவிடலாம். லூகாஸ் கண்ணாடி பியூஸில் 35 ஆம்பியர் என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்று கடையில் கிடைக்கும் பியூஸில் 35 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் தொடர்ந்து 35 தாங்கும் என்று பொருள். அதைப் போட்டால் பியூஸ் பத்திரமாக இருக்கும், வயர் பற்றிக்கொள்ளும்.

ஸ்பேனரும் எண்ணெயும்

எம்.ஜி.பி.யின் நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; 13 ஸ்பேனர் அதில் உட்காருவது போல் உட்கார்ந்து, இறுகிய நட்டில் முனையை மழுக்கிவிடும். 19 ஸ்பேனர் முக்கால் அங்குலத்துக்கு ஏறக்குறையச் சேரும் என்பதால் எல்லாம் சேரும் என்று நினைக்க வேண்டாம். ஒரு அங்குல ஸ்பேனர் செட், மரை அறுந்த ஒரு போல்ட்டை எடுக்கும் செலவைவிடக் குறைவு.

கியர் பாக்ஸ் என்றதும் கியர் ஆயில் வாங்கி ஊற்றுவது அடுத்த தவறு. எம்.ஜி.பி. கியர் பாக்ஸுக்கும், அதோடு சேர்ந்த ஓவர்டிரைவுக்கும் (நெடுஞ்சாலையில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) என்ஜினுக்கு ஊற்றும் அதே 20W-50 ஆயில்தான். பின் ஆக்சிலுக்குத்தான் ஈ.பி. 90 என்ற கியர் ஆயில். என்ஜினுக்கு ஆயில் வாங்கும்போதும் புதிய கார்களுக்கான மெல்லிய ஆயில் வேண்டாம். பழைய வகை டேப்பெட்டும் கேமும் உரசித் தேயாமல் காக்கும் துத்தநாகச் சேர்க்கை அதில் குறைவு.

பிரேக் ஆயிலில் ஒரு குழப்பம் உண்டு. டாட் 4-ம் டாட் 5.1-ம் ஒரே இனம். டாட் 5 மட்டும் சிலிகான். மற்ற இரண்டோடும் கலக்கவே கூடாது. எண் வரிசையைப் பார்த்து 4-க்கு அடுத்த தரம் 5 என்று வாங்கி ஊற்றியவர்கள் நிறைய.

பக்கத்து வீட்டுக் கார் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்ட் கார்களில் முன்சக்கரத்தின் அடியில் உள்ள டிரன்னியன் என்ற மரை மூட்டுக்கு கிரீஸ் அல்ல, ஈ.பி. 90 எண்ணெய். கிரீஸ் மரைக்குள் இறங்காது. உள்ளே துருவேறித் தேய்ந்து, ஒரு நாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இதே அமைப்புதான். இன்னும் அதைக் காத்து வைத்திருப்பவர்கள் கவனிக்க. எம்.ஜி.பி.யில் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கோ கிரீஸ்தான்.

பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் பிரிட்டனில் பொது விற்பனையிலிருந்து போனது, 2021 செப்டம்பரில் 10 சதவீத எத்தனால் கலந்தது பங்க்குகளில் வழக்கமானது. பழைய ரப்பர் குழாயை எத்தனால் அரிக்கும். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவதை யோசித்தால் குழாய் மாற்றுவதைத் தள்ளிப்போட மனம் வராது. எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டே வாங்குங்கள். ஹெட் கழற்றும் நாள் வந்தால் ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் கடினமான வால்வு சீட்டும் போட்டுவிடலாம். அதற்காகவே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

துருவை மூடுவது

என்ஜின் போனால் இன்னொரு என்ஜின். பாடி போனால் காரே போச்சு. எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டம், அதாவது சேசிஸ், கிடையாது. கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் சில் பெட்டிதான் காரை வளையாமல் பிடித்திருக்கிறது, அதிலும் கூரையில்லாத மாடலில். வெளித் தகடு, உள் தகடு, நடுவில் ஒன்று என்று அது பல அடுக்கு. வெளித் தகடு ஓட்டையானால் அதன் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பூசி, கறுப்பு அண்டர்கோட் அடித்து விற்பது பழைய தந்திரம். உள்ளே மீதி அடுக்குகள் உளுத்துக்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி, கதவை மூடிவைத்து ஒரு பக்கத்தை ஜாக்கியில் மெதுவாகத் தூக்கிக் கதவுக்கும் பாடிக்கும் உள்ள சந்தைக் கவனிப்பது. சந்து ஒடுங்கினாலோ கதவு திறக்க அடம்பிடித்தாலோ சில் போய்விட்டது. தூக்கும்போது ஜாக்கியே தகட்டுக்குள் புகுந்தால் சோதனை இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். எப்படியானாலும் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

டிங்கரிங் தெரிந்தவர்களும் சறுக்குவது இங்கேதான். இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தால் கார் நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையிலேயே புதுச் சில்லை வெல்டிங் செய்தால் கதவு அந்தக் காருக்கு இனி என்றும் பொருந்தாது. கதவு வாயில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக இணைத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். கடைசி வெல்டுக்கு முன் கதவை மாட்டிச் சந்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

மாற்றப் புகும் முன்

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ஹெட்லைட்டுக்கு ரிலே, பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் ஆயில் வற்றிய லீவர் வகை ஷாக் அப்சார்பரை ‘பழைய டிசைன்’ என்று திட்டி டெலஸ்கோப்பிக் மாட்டுவதற்கு முன், இருப்பதைப் பழுது பார்த்து ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் அந்த ஷாக் அப்சார்பரின் கையே சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் விஷ்போனாகவும் வேலை செய்கிறது. கழற்றிக் கடாசிவிட முடியாது. ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுச் சின்னக் கூம்பு ஃபில்டர் வைப்பதும் அப்படித்தான். காற்றை மடை கட்டி அனுப்பும் வளைந்த வாய் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அது போனால் சத்தம் கூடும், சக்தி கூடாது, கார்புரேட்டர் ஊசியையும் மாற்ற வேண்டிவரும்.

ரோவரின் 3.5 லிட்டர் வி8 என்ஜினைக் கம்பெனியே 1973 முதல் 1976 வரை கூரையுள்ள ஜி.டி. மாடலில் வைத்து விற்றது. அதனால் வீட்டிலும் முடியும் என்று இறங்குபவர்கள், கம்பெனி பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் கூடவே மாற்றியதை மறந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் 2018 மே முதல் 40 வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் பெரிய அளவில் மாற்றிய காருக்கு அது கிடைக்காது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றினால் விபத்தன்று தெரியும்.

ஸ்போக் சக்கரம் மாட்டிய காரில் ஹப்பின் மரை இரு பக்கமும் ஒரே திசையில் இருக்காது. இடது பக்கம் வழக்கமான வலது மரை, வலது பக்கம் இடது மரை. ஓட ஓட நட்டு தானாக இறுகும்படி அப்படிச் செய்திருக்கிறார்கள். பின் ஆக்சிலைப் பிரித்துக் கோர்க்கும்போது ஹப்புகளை இடம் மாற்றிவிட்டால் ஓட ஓட கழலும். நெளிவான பல்வரிசையில் கிரீஸ் தடவி, செப்புச் சுத்தியலால் அடித்து இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டியபின் இன்னொரு முறை தட்டிப் பாருங்கள். கழற்றிய அசல் பாகங்களைப் பெயரெழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்து வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.