மோட்டார் ஓடும்போது தொடுதிரை நடுங்குகிறதா?

கன்ட்ரோல் பேனலில் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஓடத் தொடங்கியதும் தொடுதிரையில் கோடு விழும். தொடாமலே பட்டன் அமுங்கும். திரையை மாற்ற அவசரப்படாதீர்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, டிரைவின் கெபாசிட்டர் வடிய அதன் கையேட்டில் சொன்ன நேரம் பொறுத்திருந்து, மோட்டார் கேபிளைப் பாருங்கள்.

பெரும்பாலும் தவறு ஷீல்டின் (கேபிளின் உள்ளே கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக வலையின்) முனையில்தான். வலையைத் திரித்து, வால்போல ஒரு கம்பியாக்கி எர்த்தில் முடுக்கியிருப்பார்கள். 5 செ.மீ. வாலுக்குச் சுமார் 50 நானோஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) உண்டு. 30 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 9 ஓம் தடை. மல்டிமீட்டர் சுழியம் காட்டும், டிரைவ் கிளப்பும் மின் இரைச்சலோ எர்த்துக்கு இறங்காது. மேலுறையைச் சீவி, வலை முழுச் சுற்றும் பிடிக்கும்படி உலோகக் கிளாம்ப் போடுங்கள், டிரைவ் பக்கமும் மோட்டார் பக்கமும். கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டியே ஆக வேண்டும். பவுடர் கோட்டிங் மின்சாரம் கடத்தாது.

திரையின் கேபிள் மோட்டார் கேபிளிலிருந்து 20 செ.மீ.யாவது விலகி ஓடட்டும். குறுக்கிட்டால் செங்குத்தாக. மிச்ச நடுக்கத்துக்கு, திரைக்கு மிக அருகில் அதன் கேபிளில் ஃபெரைட் வளையம் (மின் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பீங்கான்): கேபிளை அதில் ஒரே சுற்றுக்குப் பதில் 3 சுற்று சுற்றினால் தடை 9 மடங்கை நெருங்கும்.

வாக்கிடாக்கி போன்ற ரேடியோ அலைதான் காரணமென்றால் திரைக்கு முன் கம்பிவலைக் கண்ணாடி தேவைப்படலாம். அதன் நான்கு விளிம்பும் மின்சாரம் கடத்தும் கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் பட்டை) வழியே பேனலைத் தொடாவிட்டால் செலவு வீண், 15 செ.மீ. இடுக்கு 1 கிகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனாவேதான்.