பச்சை ஓலையைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்

போன சனிக்கிழமை காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டு வளவில், பிள்ளைகளுக்கு இலை வேலை சொல்லித்தரப் புதிதாக இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை பன்னிரண்டு பிள்ளைகள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பையிலிருந்து பனங்குருத்தை எடுத்தாள். காலையில்தான் வெட்டியது. கையில் எடுத்ததுமே ஈரம் தெரிந்தது. "இன்னைக்குக் குட்டிப் பாய் பின்னப் போறோம்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே சொல்லைச் சொல்லி, இதே ஓலையைத்தான் கொடுத்தேன்.

கத்தரிக்கோல் கவனம், கை கழுவுவது இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, இலை வேலை சொல்லித்தரும்போது நாம் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பச்சை ஓலையில் பின்னுவது

பச்சை ஓலை மெத்தென்று இருக்கும், பிஞ்சு விரலுக்கு எளிதாக வளையும் என்றுதான் எல்லோரும் அதை எடுக்கிறார்கள். வளையும், உண்மைதான். சிக்கல் வருவது நாலு நாள் கழித்து.

அப்போது ஐந்து வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு ஓலை வாரையும் நகத்தால் தள்ளித் தள்ளி நெருக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். உள்ளங்கை அளவு பாய் முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்பத்தா வெற்றிலை வைத்துக்கொள்ள என்று சொல்லி மடியில் கட்டிக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமை அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, நான் சரியாப் பின்னலை. ஓட்டை விழுந்துருச்சு."

வாங்கிப் பார்த்தேன். வாருக்கும் வாருக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைந்தது. அவள் பின்னியதில் ஒரு குறையும் இல்லை. ஓலை காய்ந்து சுருங்கியிருந்தது. அதை எத்தனை முறை சொன்னாலும் அவள் நம்பவில்லை. தன் கைதான் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அப்புறம் பல வாரம் ஓலைப் பக்கமே வரவில்லை. அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் யாராவது பச்சைக் குருத்தைப் பிரித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

காரணம் இதுதான். பச்சை ஓலையில் நீர் அதிகம். காயும்போது ஓலை நீளத்தில் அவ்வளவாகக் குறையாது, அகலத்தில்தான் சுருங்கும். அதனால் எவ்வளவு நெருக்கிப் பின்னினாலும் இடைவெளி விழும். ஒரு முறை நன்றாகக் காய்ந்த ஓலையை நனைத்தால் வளைய மட்டும் இளகிக் கொடுக்கும், திரும்பக் காயும்போது கொஞ்சம்தான் சுருங்கும். புவிசார் குறியீடு வாங்கிய நம் செட்டிநாட்டுப் பனையோலைக் கூடையான கொட்டான் இறுக்கமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கொட்டான் முடையும் ஓர் ஆச்சியிடம் அந்தக் குட்டிப் பாயைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "சுருங்குறதையெல்லாம் ஓலை முன்னாடியே சுருங்கி முடிச்சிரணும் ஆத்தா. பின்னுனதுக்கு அப்புறம் சுருங்கப்படாது."

குருத்தோலையை வெயிலில் விரித்து, பச்சை போய் வெளுக்கும் வரை காயவிடுங்கள். நல்ல வெயிலில் மூன்று நாள் போதும், ஐப்பசியில் கூடுதலாகும். ஈர்க்கை உருவிவிட்டு வாராகக் கிழியுங்கள். கொட்டானுக்குக் கிழிக்கிற மெல்லிய வார் பெரியவர்கள் கைக்கு. குழந்தைக்கு ஒரு விரல் அகலம் வேண்டும், அப்போதுதான் ஒன்று விட்டு ஒன்று எடுப்பது கண்ணுக்குத் தெரியும். வகுப்புக்கு அரை மணி முன்னால் தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஒரு வாரை எடுத்து விரலில் சுற்றிப் பாருங்கள். நெறிந்தால் இன்னும் இளகவில்லை. அழுத்தினால் தண்ணீர் கசிந்தால் அதிகம் ஊறிவிட்டது, கொஞ்சம் காற்றாட விடுங்கள்.

இன்னொன்று. பனைக்குக் கிளை கிடையாது. ஒரே தலை, அதன் நடுவிலிருந்துதான் ஒவ்வொரு ஓலையும் வர வேண்டும். அப்படி வந்த குருத்தை வெட்டி, ஒரு வாரம்கூட நிற்காத பாயாக்கி எறிவது எனக்கு மனசு கேட்காத காரியம்.

காய்ந்த ஓலை இல்லையா? அன்று பாய் வேண்டாம். தென்னை ஓலையில் காத்தாடி, பாம்பு, கைக்கடிகாரம் செய்யுங்கள். அவை அன்றைக்கே ஆடி முடிகிற பொருட்கள். "இது இன்னைக்கு மட்டும்தான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், மறுநாள் வாடிப்போனாலும் பிள்ளை தன்னைக் குறை சொல்லிக்கொள்ளாது. போன சனிக்கிழமையும் அதைத்தான் செய்தோம். வெட்டி வந்த பனங்குருத்திலேயே காத்தாடி செய்து கொடுத்து முற்றத்தில் ஓடவிட்டோம். புதுப்பெண்ணுக்கு முதலில் முகம் சுண்டியது. நான் பத்து வருடமாக எடுத்து வைத்திருக்கும் அந்தக் குட்டிப் பாயைக் கையில் கொடுத்தேன். விரலை விட்டுப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

குன்றிமணி

இலைப் பிள்ளையாருக்குக் குன்றிமணியால் கண் வைக்க வேண்டாம். உள்ளே கொடிய விஷம். ஊசியால் துளைத்த மணியும் கடித்து உடைத்த மணியும் உயிருக்கே ஆபத்து. கரியால் பொட்டு வையுங்கள்.

எருக்கு, அரளி

கூடவே கூடாது. எருக்கம்பால் பட்ட விரலால் குழந்தை கண்ணைக் கசக்கும். அரளியில் இலை, பூ, குச்சி எல்லாமே விஷம்.

இலை அச்சில் பளபளப்பான பக்கத்துக்குச் சாயம் பூசுவது

மேல்பக்கம் அழகாக இருக்கிறது என்று அதில் பூசுகிறார்கள். தாளில் வருவது வெறும் திட்டு. நரம்பு புடைத்திருப்பது அடிப்பக்கத்தில். கொய்யா இலையைத் திருப்பிப் போட்டு, குழந்தையை முதலில் கண்ணை மூடி விரலால் தடவச் சொல்லுங்கள். "அம்மாச்சி கை மாதிரி இருக்கு" என்று ஒரு பையன் சொன்னான். அப்புறம் சாயத்தைப் பஞ்சால் ஒற்றியெடுங்கள், தோய்க்காதீர்கள். சாயம் தடித்தால் நரம்பு மூழ்கிவிடும்.

தேக்குக் கொழுந்தின் ரகசியத்தை முதலிலேயே சொல்லிவிடுவது

தேக்கின் இளந்தளிரைக் கசக்கினால் உள்ளங்கை சிவக்கும். "கசக்குங்க, சிவப்பா வரும்" என்று சொல்லிவிட்டால் அந்த ஒரு நொடி போய்விடும். பேசாமல் ஆளுக்கொரு தளிர் கொடுங்கள். முதலில் யாராவது ஒரு பிள்ளை கத்தும், பத்துக் கையும் ஓடிவரும். பச்சை இலைக்குள் சிவப்பு எப்படி என்று அவர்களே கேட்பார்கள். வேறு எந்த இலை சிவக்கும் என்று தேட அனுப்புங்கள், எருக்கும் அரளியும் வேலியில் இல்லை என்று பார்த்துவிட்டு. கடைசியில் வீட்டுத் தூணைத் தொட்டுக் காட்டி, பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு இது, நீங்கள் கசக்கிய தளிரும் இதே மரத்து இனம்தான் என்று சொன்னால், தூணைத் தேய்த்துப் பார்க்காத பிள்ளை இல்லை.

அரசிலை வலை

அரசிலையைத் தண்ணீரில் ஊறப்போட்டால், சதை அழுகி நரம்பு மட்டும் வலைபோல நிற்க இரண்டு மூன்று வாரம் ஆகும். நாலு வயதுக்கு அது ஒரு யுகம். நீங்கள் முன்கூட்டியே ஊறவைத்த இலையைக் கொண்டுபோங்கள்.

மீந்த வார்

நனைத்தது மீந்தால் அன்றே நிழலில் காயப்போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் சில நாளில் கரும்புள்ளி விழுந்துவிடும், அதைக் குழந்தை கையில் கொடுக்க முடியாது.